வெள்ளிக்கிழமை போகவிருந்த ரோலர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறையில்லை, அப்பாவுக்கு ஒரு குறையும் இல்லை, வாசலில் நிற்கிற அவருடைய ரோடு ரோலருக்கும் ஒரு குறையும் இல்லை. இதைப் படித்ததும் "அது இன்னுமா அங்க நிக்குது?" என்று நீ கத்துவது இங்கே வரைக்கும் கேட்கிறது. அதனால்தான் போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறேன். போனில் என்றால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ பத்து சொல்லிவிடுவாய். கடிதத்தில் வாயை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டுத்தானே ஆக வேண்டும்.

நானும் நீயும் பேசி வைத்ததை மறக்கவில்லை. வாசலில் எட்டு டன் இரும்பு நின்றால் வீட்டை எவன் வாங்குவான், முதலில் அதைக் காயலான் கடைக்குத் தள்ளு, பிறகு வீட்டை விற்று இரண்டு பேரும் என்னோடு வந்து ஒன்பதாவது மாடியில் இருங்கள் என்று நீ சொன்னாய், நானும் சரி என்றேன். உன் பேச்சுக்குத் தலையாட்டினேன் என்று நினைக்காதே. எனக்கே ஆசைதான். காலையில் எழுந்ததும் உன் முகத்தைப் பார்க்க வேண்டும், நீ வேலைக்குப் போகும்போது டிபன் டப்பாவைக் கையில் திணிக்க வேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன். அப்பாவிடம் பக்குவமாகச் சொன்னேன். அவர் சண்டை போடவில்லை, "சரிம்மா" என்றார், அவ்வளவுதான். காயலான் கடைக்காரரை வெள்ளிக்கிழமை வரச் சொன்னதும் நான்தான்.

உன் அப்பா அந்த ரோலரை ஏலத்தில் எடுத்து வந்த கதை உனக்குத் தெரியும். வேறு யாராக இருந்தாலும் முதலில் இன்ஜின் ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். இவர் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தவர் அல்லவா, முதலில் பெயிண்ட் அடித்தார். துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு மாதம் மஞ்சள் பெயிண்ட். சக்கரத்துக்குச் சிவப்பு, கம்பிக்குக் கறுப்பு. அடிக்கக்கூடாத இடத்தில் எல்லாம் அடித்து வைத்தார், கிரீஸ் போடும் இடத்தைக்கூட விடவில்லை. அதன் பிறகுதான் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். கைப்பிடி போட்டுச் சுற்றினால் ஸ்டார்ட் ஆகும், தெருவே அதிரும், ஐந்து நிமிஷத்தில் நின்றுவிடும். மூன்று மெக்கானிக் வந்து பம்பைக் கழற்றினார்கள், பைப்பை ஊதினார்கள், பில்டரை மாற்றினார்கள். வந்தவர்கள் எல்லோரும் டீ குடித்ததுதான் மிச்சம்.

இப்போது நான் சொல்லப் போவதற்கு நீ என்னைத் திட்டலாம். புதன்கிழமை துணி காயப்போட முன்பக்கம் போனேன். அப்பா கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல நின்றுபோனது. டீசல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்தார், உஸ் என்று ஒரு சத்தம். அவருக்கு அது வெறும் சத்தம். நான் நாற்பது வருஷம் தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டவள். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் வராது, காற்று உள்ளே போக இன்னொரு ஓட்டை வேண்டும். அவர் குளிக்கப் போன நேரம் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். நடுவில் கடுகளவு ஒரு பள்ளம், அதுதான் காற்றுப் போகும் வழி. அதன் மேல் நம் டிராயிங் மாஸ்டர் இரண்டு கோட்டிங் கொடுத்து வழவழவென்று அடைத்து வைத்திருக்கிறார். காற்று போகவில்லை, அதனால் டீசல் இறங்கவில்லை. கண்டுபிடித்தேன், சொல்லவில்லை. சொன்னால் வண்டி ஓடும், ஓடினால் அவர் விடமாட்டார், அது வாசலிலேயே கிடந்தால் வீடு விற்காது, வீடு விற்காவிட்டால் உன்னிடம் வர முடியாது. மூடியைத் திருகி வைத்துவிட்டுத் துணியைக் காயப்போடப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை பார்த்தால் சின்ன பிரஷ்ஷை வைத்துக்கொண்டு பக்கத் தகட்டில் இருந்த கீறலுக்கு டச்சப் செய்துகொண்டிருக்கிறார். நாளைக்கு வெட்டப் போகிற வண்டிக்கு எதுக்குங்க பெயிண்ட் என்று கேட்டேன். "போறப்ப பாக்க நல்லா இருக்கட்டுமே" என்கிறார். உள்ளே போய்ப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே அழுதேன். அப்போதும் சொல்லவில்லை, பார்த்துக்கொள், உன் அம்மாவுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்.

வெள்ளிக்கிழமை காயலான் கடைக்காரர் காஸ் சிலிண்டரோடு வந்து இறங்கினார். எங்கெங்கே வெட்டுவது என்று சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தார். அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார், பொறுக்க முடியவில்லை. "கோடு கோணலா போகுது, இங்க குடுங்க" என்று சாக்பீஸை வாங்கித் தானே நேராகக் கோடு போட்டுக் கொடுத்தார். தான் ஆசை ஆசையாகப் பெயிண்ட் அடித்த வண்டியை வெட்டுவதற்குத் தானே கோடு போடுகிற மனுஷரை என்ன செய்வது சொல். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. உள்ளே ஓடிக் கோணி ஊசியை எடுத்து வந்து மூடியில் ஒரு குத்து குத்தினேன். ஸ்டார்ட் பண்ணுங்க என்றேன். ஐந்து நிமிஷம் ஓடியது, பத்து நிமிஷம் ஓடியது, கடைக்காரர் சிலிண்டர் மேலேயே உட்கார்ந்துவிட்டார், அரை மணி நேரம் ஆகியும் நிற்கிற வழியைக் காணோம்.

அப்பா மூடியைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார், எப்ப கண்டுபிடிச்ச என்று கேட்டார். பொய் சொல்ல வரவில்லை, புதன்கிழமை என்றேன். "ரெண்டு நாளா நீ எப்படி வாயை மூடிக்கிட்டு இருந்த?" என்று அதற்குத்தான் ஆச்சரியப்பட்டார். பிறகு, பொண்ணுகிட்ட போகணும்னு அவ்வளவு ஆசையா என்றார். ஆமாம் என்றேன். அவர் எட்டி இன்ஜினை நிறுத்தினார். கடைக்காரரைப் பார்த்து, "நீங்க வெட்டுங்க" என்றார். கோபமில்லை, முறைப்பில்லை, பஸ்ஸில் எனக்கு இடம் விடுகிற மாதிரி சொன்னார். அந்த மனுஷரை ஒன்பதாவது மாடியில் ஒரு நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைக்க என்னால் முடியாது கண்ணு. கடைக்காரருக்கு டீ கொடுத்து நானே அனுப்பிவிட்டேன்.

ஆகவே வீட்டை விற்கவில்லை. உன்மேல் ஆசை குறைந்துவிட்டது என்று மட்டும் நினைக்காதே. இதை எழுதும்போதும் கண் கலங்குகிறது. மாப்பிள்ளையிடம் நீயே பதமாகச் சொல், எங்களுக்கென்று ஒதுக்கிய அறையில் அவருடைய புத்தகங்களை வைத்துக்கொள்ளட்டும். உன் முதுகு வலிக்கு டாக்டரிடம் போனாயா இல்லையா என்று இரண்டு கடிதமாகக் கேட்கிறேன், பதில் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு. கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்க்காதே. இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், என் ஆசீர்வாதமும் அப்பாவின் ஆசீர்வாதமும் உங்களுக்கு எப்போதும் உண்டு.

இந்த லீவுக்குக் கட்டாயம் வா. ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று மறக்காமல் எழுது. ஸ்டேஷனுக்கு ரோலரிலேயே வந்து உன்னை அழைத்துவரப் போவதாக அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். அது நாலு கிலோமீட்டரை எப்போது கடந்து வந்து சேருமோ தெரியாது. அதுவரை என்னால் பொறுக்க முடியாது, நான் முதல் பஸ்ஸிலேயே வந்து பிளாட்பாரத்தில் நிற்பேன்.

உன் வரவுக்காக நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும்
அம்மா