உன் இரண்டாவது ஓட்டு

மார்ச் 4

அன்புள்ள நெட்டைக்கு,

கிரீஸ் எழுதுவது. நான் ஏதோ இருக்கிறேன். நீயும் தங்கச்சியும் சுகமா? இந்த பஸ் டிப்போவில் நூறு பேர் இருந்தாலும் என்னோடு பேசுவது எஞ்சின் மட்டும்தான். அறைக்கு வந்தால் அதுவும் இல்லை. சில நாள் என் குரலே எனக்கு மறந்துவிடுகிறது.

நம் சங்கத் தேர்தலை நினைத்தால் வயிறு எரிகிறது. மெக்கானிக்குகள் தயவில் எனக்கு நூற்றுப்பத்து ஓட்டு, கண்டக்டர்கள் தயவில் உனக்குத் தொண்ணூறு. உதிரிபாக ஸ்டோர்காரர் வெறும் நூற்றுமுப்பதில் செயலாளர் ஆனார். வந்த கையோடு நிர்வாகத்திடம் சொல்லி என்னை இங்கே தூக்கியடித்தார். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்!

இங்கே முறையே வேறு. சீட்டில் பிடித்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று எழுத வேண்டும். யாருக்கும் பாதிக்கு மேல் வரவில்லையென்றால், கடைசியாக வந்தவரை நீக்கிவிட்டு அவருடைய சீட்டுகளை 2 வாங்கியவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். செயற்குழுவிலும் ஓட்டுக்குத் தகுந்த இடம்; பஸ் கழுவும் பெண்கள்கூட இருக்கிறார்கள். கூச்சலுக்கும் குறைவில்லை, ஒரே வருடத்தில் மூன்று செயலாளர்கள். இருக்கட்டுமே! அங்கே இந்த முறை இருந்திருந்தால் உன் தொண்ணூறும் எனக்கு வந்திருக்கும், நானும் உன் பக்கத்திலேயே இருந்திருப்பேன்.

பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவா. மாறுதலுக்கு மனுப் போட்டிருக்கிறேன். அடுத்த தேர்தலுக்குள் வந்துவிடுவேன்.

உன்
கிரீஸ்


மார்ச் 15

அன்புள்ள கிரீஸுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று உன் தங்கச்சி தினமும் கேட்கிறாள்.

ஸ்டோர்காரர் முரட்டுப் பிடிவாதக்காரர்தான். ஆனால் அவர் நாற்காலி ஆடவில்லை. போனஸ் பேச்சுவார்த்தையை நல்லபடியாக முடித்துவிட்டார். நீ எழுதியதை நம் கண்டக்டர்களிடம் சொல்லி, யாருக்கு 2 போட்டிருப்பீர்கள் என்று கேட்டேன். பாதிப் பேர் அவர் பெயரைச் சொன்னார்கள். அப்படி எண்ணியிருந்தாலும் அவர்தான் ஜெயித்திருப்பார். "கிரீஸ் நல்லவன்தான். ஆனா ஜெயிச்ச மறுநாளே ஸ்ட்ரைக்குன்னு நிப்பான். அப்புறம் எங்க வீட்டுல அடுப்பு எப்படி எரியும்?" என்கிறார்கள்.

என்னை நீ கேட்கவே இல்லை. மறைக்க மனம் வரவில்லை. நானும் அவருக்குத்தான் 2 போட்டிருப்பேன். உன்மேல் பாசம் இல்லாமல் இல்லைடா. உன் கோபத்தை நம்பிக் குடும்பத்தை ஒப்படைக்கத்தான் பயம்.

இதனால் நீ எனக்கு எழுதுவதை நிறுத்திவிடாதே.

நெட்டை


மார்ச் 27

நெட்டைக்கு,

கடிதம் கிடைத்தது. உள்ளதைச் சொன்னாய், உன்மேல் கோபப்பட எனக்கு என்ன இருக்கிறது? ஆனால் வலிக்கிறது. ஓட்டை எண்ணுகிற முறைதான் நம்மைப் பிரித்துவிட்டது என்று நினைத்து, இந்த அறையில் இத்தனை நாளும் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். இப்போது அந்த ஆறுதலும் போயிற்று.

தீர்மானத்தைக் கைவிட்டுவிடாதே. முறை நல்ல முறைதான். பஸ் கழுவும் பெண்களுக்கு அங்கேயும் ஓர் இடம் கிடைக்கட்டும்.

நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று தங்கச்சியிடம் சொல். மாறுதல் மனுவை இன்று காலை திரும்ப வாங்கிக்கொண்டேன்.

கிரீஸ்