எனக்கு வரவில்லை, மூடுகிறேன்

ஜூலை 9, செவ்வாய்

ஷூ கம்பெனியில் இன்று முழுக்கப் பிரிண்டர் பஞ்சாயத்து. வீட்டுக்கு வந்தால் ஹீனாவின் மெயில். வேலூரில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், கையில் ஊசியோடு படுத்துக்கொண்டு எங்கள் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு ஒரு திருத்தம் அனுப்பியிருக்கிறாள் மகராசி.

உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து காசு வாங்காமல் எழுதும் ஆபரேட்டிங் சிஸ்டம் அது. காலேஜ் நாளிலிருந்து அதில் எங்கள் இருவருக்கும் ஒரு மூலை. அதன் உள்மையமான கெர்னலை இரண்டு விதமாகக் கட்டலாம்: சாதாரணமாக, அல்லது பிழை பிடிக்கும் சோதனைகளோடு. கெர்னல் ஒரு விதம், பிரிண்டர் மாதிரிச் சாமான்களை ஓட்ட அதில் மாட்டும் டிரைவர் இன்னொரு விதம் என்றாலும் ஓட வேண்டும். அதைக் காப்பதுதான் எங்கள் வேலை. ஷூவின் மேல்தோல் ஏழாம் நம்பர், அடி எட்டாம் நம்பர். ஆனாலும் காலில் நிற்க வேண்டும்.

ஒரு டிரைவரைப் போட்டதும் மெஷின் உறைந்துபோய் விழுகிறதாம். எனக்கு விழவேயில்லை.

ஜூலை 10

எல்லாவற்றையும் புதிதாகக் கட்டிப் பார்த்தேன். ம்ஹூம். “எனக்கு வரவில்லை. மூடுகிறேன்” என்று எழுதி அவள் திருத்தத்தை மூடிவிட்டேன், எல்லோரும் பார்க்கிற இடத்தில். சிநேகிதி என்பதற்காகச் சேர்க்க முடியுமா?

ஜூலை 21, ஞாயிறு

சர்ச் முடிந்து நேரே வேலூர். ஹீனாவுக்கு முடியெல்லாம் போய்விட்டது. “உம்மேல கோவம்லாம் இல்லடி ஜெமி. ஆனா அது விழுது. நெஜமா விழுது” என்றாள்.

“மருந்து மயக்கத்துல பாத்திருப்ப” என்று சொல்லித் தொலைத்தேன். சிரித்தாள். அவள் அம்மா முனவ்வர் பேகம் ஆன்ட்டி, “இங்கயும் இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு?” என்று லேப்டாப்பை வாங்கி வைத்துவிட்டார்கள்.

செப்டம்பர் 14

ஹீனா போய்ட்டா.

செப்டம்பர் 15

ஆம்பூரில் அவர்கள் வீடு. ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் ஆன்ட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர்கள் என் கையை விடவேயில்லை.

டிசம்பர் 3

பிரேசிலிலிருந்து ஒருவர் புகார் எழுதியிருக்கிறார். அதே டிரைவர், அதே மாதிரி விழுகிறதாம். கெர்னல் சோதனை விதம், டிரைவர் சாதாரண விதம்.

நான் அன்றைக்கு இரண்டையும் ஒரே விதமாகத்தானே கட்டினேன்?

ஹீனாவின் மெயிலைத் திறந்தேன். ஆறே வரி. கடைசி வரி: “என் லேப்டாப்பில் முழுசா கட்ட ஒரு நாள் ஆகும். அதனால் கெர்னல் நீ பென்டிரைவில் குடுத்தது, டிரைவர் மட்டும் நான் கட்டினது.”

நான் கொடுத்தது சோதனைக் கெர்னல்.

ஐயோ. கலந்தாலும் ஓட வேண்டும் என்று காவல் உட்கார்ந்தவள், கலந்து பார்க்கவேயில்லை. ஆறாவது வரியப் படிக்க உனக்கு இன்னாடி கேடு? மருந்து மயக்கமாம். யாருக்கு?

டிசம்பர் 4

கலந்து கட்டினேன், விழுந்தது. அவள் திருத்தத்தைப் போட்டேன், ஓடியது. ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. “தவறாக மூடியது நான்தான்” என்று அதே இடத்தில் எழுதிவிட்டுச் சேர்த்தேன். எழுதியவர் ஹீனா. சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட வெட்கமாக இருந்தது.

டிசம்பர் 5

காலையில் ஆன்ட்டி போன் செய்தார்கள். ஹீனாவின் போனை இன்னும் சார்ஜ் போட்டே வைத்திருக்கிறார்கள். திருத்தம் சேர்ந்தால் எழுதியவருக்குத் தானாக மெயில் போகும். எனக்கு அது தோன்றவேயில்லை.

“ஹீனா பேருக்கு ஏதோ வந்துருக்குது பேட்டா. இங்கிலீஷ்ல கீது. இன்னா போட்டிருக்காங்க?”

“அவ அனுப்புனது சரின்னு வந்திருக்கு ஆன்ட்டி. சேத்துக்கிட்டாங்க.”

“கொஞ்சம் முன்னாடி அனுப்பிருக்கக் கூடாதா? யாரு அது, இவ்ளோ லேட்டா?”

“நான்தான் ஆன்ட்டி.”

வைத்துவிட்டார்களோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை.

“இது அழிஞ்சிடாம இருக்க இன்னா பண்ணணும்?” என்று கேட்டார்கள்.

மெயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரக் குறியைத் தொடச் சொன்னேன்.

“மஞ்சளா ஆயிடுச்சு” என்றார்கள்.