இங்கிலீஷ் தெரியாதவள் என்று பேரெடுத்தவளுக்கு

அடியே, இன்று காலை மயிலாடுதுறைக் கடைத்தெருவில் ஒரு நாலு கோடு நோட்டு வாங்கினேன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு. கடைக்காரர் நோட்டைப் பிரித்துக் காட்டினார். மேலும் கீழும் சிவப்புக் கோடு, நடுவில் இரண்டு நீலக் கோடு, அதே பசை வாசனை. ரிட்டயரான இங்கிலீஷ் டீச்சருக்கு இதெல்லாம் புதிதா என்ன? ஆனாலும் கடை வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். நீ போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. சண்டை போட ஆள் இல்லாமல் எனக்குப் பொழுதே போக மாட்டேன் என்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பில்தான் ஏ, பி, சி-யே ஆரம்பம். நான் வாய்க்காலுக்கு இந்தக் கரை, குத்தகைக்கு நிலம் எடுத்து உழுதவர் மகள். நீ அந்தக் கரை, அதே நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள் மகள். பள்ளிக்கூட பெஞ்சில் ஒட்டி உட்காரலாம். ஊருக்குள் வந்துவிட்டால் எங்கள் வீட்டுக் கொல்லையைத் தாண்டி நீ உள்ளே வரக் கூடாது. அதைப் பற்றி நாம் பேசிக்கொண்டதே இல்லை. பேசினால் வயிற்றெரிச்சல்தான் மிஞ்சும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. 'மை நேம் இஸ்' என்று தொடங்கும் முதல் பாடத்தை நீ நடவுப் பாட்டு ராகத்தில் இழுத்துச் சொல்லி, வாத்தியாரிடம் குட்டு வாங்கினாய். குட்டு வாங்கிய பிறகும் அதே ராகத்தில்தான் சொன்னாய். திமிர் பிடித்தவள்.

எட்டாம் வகுப்பில் இருந்தபோது ஆட்சி மாறியது. டீக்கடை வாசலில் கறுப்பு சிவப்புக் கொடி ஏறியது. உங்கள் தெருவில் அதற்கு முன்பிருந்தே செங்கொடி பறந்தது. அடுத்த வருஷம் பள்ளிக்கூட டைம்டேபிளிலிருந்து இந்தி வகுப்பைத் தூக்கினார்கள். "இந்திய ஒழிச்சவங்க அப்படியே இந்த இங்கிலீஷையும் ஒழிச்சிருக்கலாம்ல?" என்று நீ கேட்டாய். வாய்ப் பேச்சுத்தான். வகுப்பில் உன்னைப் போல இங்கிலீஷ் வந்தவர்கள் யார்? கணக்கில் நான் உனக்குக் காட்டுவேன், இங்கிலீஷில் உன்னைப் பார்த்து எழுதுவேன். நம் பக்கத்தில் எஸ்.எஸ்.எல்.சி.யில் கோட்டை விட்டவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு பாடத்தில்தான் விட்டார்கள். விட்டால் மறுநாள் வயலில் நிற்க வேண்டும். தேறினால் டீச்சர் டிரெயினிங் போகலாம். உனக்கு வேறு ஆசையே கிடையாது. "எங்க தெருவுலேர்ந்து ஒரு டீச்சருடி. வெயில்ல குடை புடிச்சுக்கிட்டு வரப்பு மேல நடந்து வருவேன், எல்லாரும் குனிஞ்ச தலைய நிமித்திப் பாப்பாங்க" என்பாய்.

லீவு நாட்களில் உன் அம்மாவோடு களை பறிக்கப் போவாய். சேற்றில் கை, வாயில் இங்கிலீஷ் பாடம். வரிசையில் குனிந்திருக்கும் பெண்கள், "இப்ப என்னா சொன்ன, அதுக்கு என்னா அர்த்தம்?" என்று கேட்பார்களாம். நீ சொல்லுவாயாம். உன் அம்மாவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. ஆபீசர்கள் பேசுகிற பாஷை தன் மகள் வாயில் வருகிறது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். தெருவும் அதை நம்பியது. அந்தப் பாஷை தெரிந்த ஒரு ஆள் நம்மிடம் இருந்தால் நம்மை ஒருத்தனும் ஒன்றும் செய்ய முடியாது என்று நம்பியது.

பதினோராம் வகுப்பு முடியும் சமயம், அப்போது அதுதான் எஸ்.எஸ்.எல்.சி. தாளடி அறுப்பு நேரத்தில் கூலி நெல் தகராறு முற்றிவிட்டது. உங்கள் தெருவில் அறுக்க மாட்டோம் என்று அரிவாளைக் கீழே வைத்தார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களை வயலில் இறங்க விடாமல் வரப்பில் மறியல். என் அப்பா சாப்பிட உட்கார்ந்தால் உங்கள் ஆட்களைத் திட்டாமல் எழுந்திருக்க மாட்டார். நாம் அதையெல்லாம் வாய்க்காலோடு விட்டுவிட்டு, பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒருத்தியை ஒருத்தி கேள்வி கேட்டுப் படித்தோம். தமிழ்ப் பரீட்சை முடிந்தது. திங்கட்கிழமை இங்கிலீஷ். சனிக்கிழமை உங்கள் தெருவுக்குப் போலீஸ் வந்தது.

அன்று சாயங்காலம் உன் அம்மா எங்கள் கொல்லையில் வந்து நின்றார். தலை அவிழ்ந்து கிடந்தது. என் அப்பா வீட்டில் இருக்கிறார் என்ற பயம்கூட இல்லை.

"ஆம்பளைங்க எல்லாம் நாணல் காட்டுக்குள்ள போய்ப் பதுங்கிட்டாங்க பாப்பா. பொம்பளைங்க மட்டும்தான் நின்னோம். ஜீப்புலேர்ந்து எறங்குனவரு பெரிய ஆபீசராட்டம் இருந்தாரு. நாங்க கத்துனது எதுவும் அவரு காதுல ஏறவே இல்ல. நான்தான் எம் மவளப் புடிச்சு முன்னால தள்ளுனேன். இங்கிலீஷ்ல சொல்லு தாயி, அப்பத்தான் மதிப்பாருன்னேன். மாட்டேன் மாட்டேன்னுச்சு. எல்லாருமாச் சேந்து தள்ளுனோம்."

நீ சொன்னாய். "சார், வீ வாண்ட் ஒன்லி அவர் வேஜஸ். ப்ளீஸ் ஹியர் அஸ்." எங்களுக்குக் கூலி மட்டும் போதும், தயவுசெய்து நாங்கள் சொல்வதைக் கேளுங்கள். பின்னால் ஒரே ஒரு முறை இதை நீ என்னிடம் சொல்லிக் காட்டினாய். ஒரு பிழை கிடையாது. உன் பெயரையும் வகுப்பையும் அந்த அதிகாரி இங்கிலீஷில் கேட்டிருக்கிறார். ஆறாம் வகுப்பில் படித்தபடியே முழு வாக்கியமாகப் பதில் சொல்லியிருக்கிறாய்.

"அவரு சிரிச்சாரு பாப்பா" என்றார் உன் அம்மா. "அதப் பாத்து நாங்களும் சிரிச்சோம். காரியம் ஆயிருச்சுன்னு நெனச்சோம். அவரு போலீஸ்காரங்க பக்கம் திரும்பி, 'இவதான் தூண்டிவிடுறவ, ஏத்து'ன்னுட்டாரு. என் புள்ளைய நானே தள்ளிவிட்டுட்டேனே!"

என் அப்பாவும் அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே நின்றிருந்தார். அன்று அவர் யாரையும் திட்டவில்லை. அதற்கு மேல் எதுவும் செய்யவும் இல்லை.

திங்கட்கிழமை உன் இடம் காலியாக இருந்தது. வாத்தியார் உன் நம்பரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு மேலே போனார். நான் எழுதினேன், தேறினேன். உன்னை வெளியே விட்டபோது எல்லாப் பரீட்சையும் முடிந்திருந்தது. ஸ்டேஷனில் என்ன நடந்தது என்று நீ கடைசிவரை சொல்லவில்லை. கேட்டால் வேறு பேச்சு எடுப்பாய். செப்டம்பரில் மறுபடி எழுதலாமே என்று சொல்ல வந்தேன். "வாயத் தொறந்தேன், வண்டியில ஏத்துனாங்க. இனிமே அந்தப் பாஷை என் வாயில வராதுடி" என்றாய். எனக்கு உன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. யார்மேல் வர வேண்டிய கோபமோ, அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தார்கள், அதனால் உன்மேல் வந்தது. ஸ்டேஷனில் இருந்த பெண் என்று ஊர் பேசத் தொடங்குவதற்குள் ஆவணியில் உன்னை வலங்கைமான் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

நான் காலேஜில் பி.யு.சி. சேர்ந்தேன். அங்கே எல்லாப் பாடமும் இங்கிலீஷில். முதல் நாள் ஒன்றும் புரியாமல் விழித்தபோது நீ பக்கத்தில் இருந்தால் சமாளித்திருப்பாய் என்றுதான் தோன்றியது. முட்டி மோதிப் படித்து, அதே இங்கிலீஷுக்கே டீச்சராகவும் ஆனேன். நீ பிடிக்க வேண்டிய குடையை நான் பிடித்துக்கொண்டு நடந்தேன், நீ குனிந்து நாற்று நட்டாய். இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று யாராவது எனக்குச் சொன்னால் தேவலை.

சொன்னது போலவே இருந்தாயடி. எனக்குச் சொல்லிக் காட்டிய அந்த ஒரு முறை தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ் போர்டைக்கூட இங்கிலீஷில் படிக்கவில்லை. உன் மகள் பள்ளிக்கூடப் பாடத்தில் சந்தேகம் கேட்டால், "எனக்கென்னா தெரியும், மாயவரத்துப் பெரியம்மாகிட்ட போய்க் கேளு" என்று பஸ் ஏற்றி அனுப்பினாய். ஒரு முறை நான் பொறுக்க மாட்டாமல், "உங்கம்மா என்னைவிட நல்லா இங்கிலீஷ் படிச்சவ" என்று அவளிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நீயும் கூடச் சிரித்தாய். அவள் இன்று சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள், உன் முன்னாலேயே போனில் இங்கிலீஷில் பொரிந்து தள்ளுவாள். நீ பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாய்.

போன வருஷம் தஞ்சாவூரில் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் உன் கட்டில் அருகில் நின்றே, உன் மகளிடமும் என்னிடமும் இங்கிலீஷில் சொன்னார். புற்று ஈரல் முழுக்கப் பரவிவிட்டது, இனி மருந்தால் பயனில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள், சில வாரங்கள்தான். சொல்லி முடித்து உன் பக்கம் குனிந்து, "ஒண்ணுமில்லம்மா, சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்" என்று தமிழில் சிரித்தார். உன் மகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாம் சரியாயிடுச்சாம், அம்மா" என்றாள். நீ அவள் கன்னத்தைத் தடவி, "அப்படியா, நல்லதாப் போச்சு" என்றாய். டாக்டரோடு அவள் வெளியே போனாள்.

நீ என்னைப் பார்த்துத் திரும்பினாய்.

"அந்தாளு பேசுனது ஒரு வார்த்த விடாமப் புரிஞ்சுதுடி."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏன் முழிக்கிற? நீதான டீச்சரு. சொல்லு, நான் பாசா?"

எத்தனையோ பிள்ளைகளுக்கு மார்க் போட்டவள் நான். உன் கையைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினேன். வாய் திறந்தால் அழுதுவிடுவேன். நீ அழவில்லை. "எனக்குத் தெரியும்னு மவகிட்ட சொல்லிராத. தாங்க மாட்டா" என்றாய்.

சொல்லவில்லை. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அவள் என் மடியில் படுத்து அழுதாள். "அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதது ஒரு விதத்துல நல்லதாப் போச்சு பெரியம்மா. கடைசிவரைக்கும் ஒண்ணும் தெரியாம நிம்மதியாப் போயிட்டாங்க" என்றாள். இப்போதும் போன் செய்யும்போதெல்லாம் இதைச் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொள்கிறாள். ஒவ்வொரு தடவையும் நான், "ஆமாம்மா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது" என்கிறேன்.