ஏரியலுக்கு ஒரு தோல் வாஷர்

14 அக்டோபர் 1957, திங்கள்

காலையில் வெயில், பிறகு மூட்டம். இன்றைய வேலை: டேனரியில் ஆட்டுத்தோல் தரம் பிரிப்பது. மனைவி லில்லியை ஆஸ்பத்திரி டூட்டிக்கு விடுவது. கார் ரேடியோவுக்குப் புது ஏரியல்.

பழைய ஏரியல் போன வாரம் புளியங்கிளையில் மாட்டி முறிந்ததாம். டிரைவர் காதர் சொல்வது. எந்த மரம் என்று கேட்டேன். "அந்த ரோட்ல எல்லாமே புளியமரம்தான் சார்." பதிலைத் தயாராக வைத்திருக்கிறான். முதலாளி புதுக் கார் வாங்கியபோது என் தலையில் கட்டிய பழைய கார் இது. காதரும் அதோடு வந்தவன். காரைப் பற்றி என்னைவிட அவனுக்குத்தான் ஜாஸ்தி தெரியும். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

புது ஏரியல் மெட்ராஸிலிருந்து வந்தது. இழுத்தால் நீளும், தள்ளினால் சுருங்கும் கம்பி. கூரையில் பழைய ஓட்டையிலேயே பொருந்துகிறது. ஆனால் கம்பிக்கும் தகட்டுக்கும் நடுவில் வைக்கிற ரப்பர் வாஷர் பெட்டியில் இல்லை. காதர் எடுத்திருப்பானோ? சைக்கிள் டியூபில் ஒன்று வெட்டிப் போடுகிறேன் என்றான். ஆம்பூரில், தோல் செலக்டரின் காருக்கு, பழைய டியூபா! நல்ல குரோம் தோலில் நானே வட்டமாக வெட்டிக் கொடுத்தேன்.

"தோலு தண்ணி குடிக்கும் சார்."

எனக்கே தோலைப் பற்றிப் பாடம். பேசாமல் மாட்டு என்றேன்.

ரேடியோ கணீர். வீட்டில் ரேடியோ கிடையாது. டூட்டி முடிந்து வந்ததும் லில்லி காரிலேயே உட்கார்ந்து பாட்டுக் கேட்டாள். நானும் பக்கத்தில். நல்ல சாயங்காலம்.

16, புதன்

மதியத்திலிருந்து மழை. ரேடியோ கரகர. அப்புறம் அதுவும் இல்லை. காதர்: "வெயில்ல நிறுத்தினா செரியாய்டும் சார்." ரேடியோ என்ன வடகமா, காயவைக்க?

17, வியாழன்

வெயில். காதர் காரை வெளியே எடுத்து நிறுத்தினான். பத்து மணிக்கு ரேடியோ பாடுகிறது! அவன் தனியாக இருந்த நேரத்தில் எப்படிச் சரியானது? என் யூகம்: ரேடியோவுக்குள் இருக்கிற நல்ல வால்வைக் கழற்றிப் பழையதைப் போடுகிறான். நான் சத்தம் போட்டால் திரும்ப மாட்டிவிடுகிறான்.

லில்லியிடம் சொன்னேன். "காதர் பாயா? உங்களுக்கு வேற வேல இல்லையா?" அவளுக்கு எல்லாரும் நல்லவர்கள். எனக்கோ நாள் முழுக்கத் தோலைப் புரட்டி ஓட்டை தேடுகிற உத்தியோகம்.

தோலில் குறி போடுகிற மையால் நான்கு வால்விலும் புள்ளி வைத்தேன். யாருக்கும் தெரியாது.

19, சனி

மழை. ரேடியோ ஊமை. திறந்து பார்த்தேன், புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. அப்படியென்றால் பார்த்துவிட்டான், வேறு வால்வில் அதேபோல் வைத்துவிட்டான். கெட்டிக்காரன்.

மாலை, பெட்ரோல் பங்க். காதர் ஒரு லாரிக்காரனிடம் பேசியது. என் காதாலேயே கேட்டேன்: "இப்ப வேணாம்பா. மழ விடட்டும், கம்பி நீட்டிடலாம்."

ஓடப் பார்க்கிறான். காரோடா, வால்வோடா?

20, ஞாயிறு

பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை. கோயிலிலிருந்து வந்ததும் காதரைக் கூப்பிட்டேன். லில்லி வாசலில் நின்றாள்.

"எப்ப கம்பி நீட்டப் போற?"

"மழ விட்டதும் சார்."

என்ன நெஞ்சழுத்தம்! கத்தினேன். அவன் விழித்தான். அப்புறம் அவனுக்குப் புரிந்தது. "இன்னா சார் நீங்க! ஏரியல் கம்பிய சொன்னேன். மழைக்கு சுருக்கி வெச்சிருந்தேன். லாரிக்காரரு பாட்டு கேக்கணும்னாரு."

நல்ல கதை என்றேன். வால்வைப் பற்றியும் கேட்டேன். திருடன் என்ற வார்த்தையும் வந்துவிட்டது.

காதர் சாவியை மேசையில் வைத்தான். "பதினாறு வருசம் இந்த வண்டிய ஓட்டினேன் சார். ஒருத்தரும் இந்த வார்த்தைய சொன்னதில்ல." லில்லியிடம், "வர்றேம்மா." என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

லில்லி சாப்பாடு போட்டாள். உள்ளே போய்விட்டாள்.

22, செவ்வாய்

மழை. ரேடியோ ஊமை. போகும்போதே ஏதாவது செய்துவிட்டுப் போயிருப்பான்.

23, புதன்

வெயில். பாடுகிறது. யாரும் தொடவில்லை. சாவி என் பையில்.

26, சனி

ராத்திரியெல்லாம் மழை. நானே ஓட்டிக்கொண்டு வேலூர். லில்லியும் வந்தாள். ரேடியோ ரிப்பேர்க்காரர் ஏரியலைக் கழற்றினார். வாஷர் ஊறி உப்பியிருந்தது. விரலால் அழுத்தினார், சொட்டியது.

"ஈரத்தோல் வழியா சிக்னல் எல்லாம் தகட்டுல எறங்கிடுது சார். காஞ்சா பாடும், நனைஞ்சா பாடாது. ரப்பர்தான் போடணும். இதுக்குப் போய் தோல யார் சார் போட்டது?"

"டிரைவர்" என்றேன்.

லில்லி பக்கத்தில்தான் நின்றாள்.

அவர் பழைய சைக்கிள் டியூபில் வட்டமாக ஒன்று வெட்டி மாட்டினார். திரும்பும் வழி முழுக்க லில்லி வெளியே பார்த்தபடி வந்தாள். ஆம்பூர் வந்ததும் சொன்னாள்: "காதர் பாய் வீட்டுக்குப் போய்ட்டு வாங்க."

தோல் தண்ணீர் குடிக்கும் என்று ஊரில் யாருக்குத் தெரியாது? எனக்கும் தெரியும். அவன் சொன்னதால் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. நாளை கோயில் முடிந்ததும் நேராகப் போகிறேன். வாசலில் நின்று, தப்பு என் மேல்தான் என்று சொல்லிவிட வேண்டும்.

27, ஞாயிறு

நல்ல மழை. போகவில்லை.

சாயங்காலம் காரில் உட்கார்ந்திருந்தேன். மழையிலும் ரேடியோ கணீர். லில்லியைக் கூப்பிட்டேன். வரவில்லை.