கை ஊன்றாமல் ஐந்து தடவை

மார்ச் 3, செவ்வாய்

முப்பத்து நான்கு வருடம் பஸ் ஓட்டியவன் நான். உட்காரச் சொன்னால் நாள் முழுக்க உட்காருவேன். இந்த முதியோர் இல்லத்தில் இன்று எழுந்து நிற்பதில் பரீட்சை வைத்தார்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழ வேண்டும். இரண்டு தடவை எழுந்தேன். மூன்றாவது தடவை கை தானாகப் போய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டது.

"வயசானா தசை கரையும் ஐயா. உட்கார்ந்தே இருந்தா இன்னும் சீக்கிரம் கரையும்," என்றாள் பிசியோதெரபிப் பெண். என் தொழிலையே குறை சொல்கிறாள்!

ஏப்ரல் 16 மறுபரீட்சை. அதிலும் தேறாவிட்டால் மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே மணி அடித்தால் இரண்டு பேர் வந்து தூக்குவார்கள். கழிப்பறைக்கும் அப்படித்தான். பயமாக இருக்கிறது. மகளிடம் போனில் "எல்லாம் பிரமாதம்" என்றேன்.

மார்ச் 5, வியாழன்

ஆளுக்கு இரண்டு மணல் பட்டை கொடுத்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு கிலோ. கணுக்காலில் கட்டிக்கொண்டு முப்பது தடவை காலை நீட்டி மடக்கி, அப்புறம் பத்துத் தடவை நாற்காலியிலிருந்து எழ வேண்டும். ஏழாவது நீட்டலிலேயே பிராணன் போயிற்று. பக்கத்துக் கட்டில் டெய்லர் நாலோடு நிறுத்திவிட்டு, டீ வந்ததா என்று கேட்டான். அவனுக்கும் அதே தேதியில்தான் பரீட்சை. கவலையே இல்லாத ஜென்மம்.

மார்ச் 9, திங்கள்

டெய்லர் ஒரு யோசனை சொன்னான். பட்டையின் ஓரத் தையலைப் பிரித்து, பாதி மணலை எடுத்துவிட்டு மறுபடி தைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

"தப்பில்லையா?"

"யோவ் டிரைவர், நீ சிவப்பு விளக்கைத் தாண்டினதே இல்லையா?"

யோசித்துப் பார்த்தேன். முப்பது தடவை நீட்டினால் தசை வரும் என்கிறாள். எவ்வளவு கனத்தோடு நீட்டினேன் என்று தசைக்கு எப்படித் தெரியும்? ஒரு வாரத்துக்கு என் சாயங்கால பிஸ்கெட் அவனுக்கு என்று பேசி முடித்தோம்.

மார்ச் 12, வியாழன்

மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில் தைத்துக் கொடுத்துவிட்டான். பிரித்த அடையாளமே இல்லை. ஆனால் பாதி கனத்துக்கே கால் இப்படி இழுக்கிறதே? என் கால் அவ்வளவு மோசமா? இனி சாயங்காலமும் ஒரு தடவை செய்யப்போகிறேன்.

மார்ச் 24, செவ்வாய்

முப்பது! சட்டை தொப்பலாகிவிட்டது. டெய்லர் வியர்க்காமல் முப்பதை முடித்துவிட்டுப் பேப்பர் படிக்கிறான். வயிறு எரிகிறது.

ஏப்ரல் 2, வியாழன்

துண்டு கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன். எடுத்த பிறகுதான் யாரையும் கூப்பிடவில்லை என்பது உறைத்தது.

ஏப்ரல் 16, வியாழன்

ஐந்து! கை ஊன்றாமல்! பிசியோ பெண் கை தட்டினாள்.

பட்டைகளைத் திரும்ப வாங்கியவள் முகம் சுளித்தாள். "என்ன ஐயா, உங்களுது இவ்வளவு கனம்?" சமையலறைத் தராசில் வைத்தாள். என்னுடையவை ஒவ்வொன்றும் ஒன்றரை கிலோ. டெய்லருடையவை அரைக் கிலோ. குட்டு வெளிப்பட்டது.

"பாதி எடுத்தேன்னு சொன்னியேடா?"

"எடுத்தேன். என்னுதுலேருந்து. எல்லாத்தையும் கொட்ட இடம் வேணாமா? இங்க மணிக்கொரு தடவை தரையைத் துடைக்கிறாங்க. உன்னுதுல போட்டுட்டேன்."

என் தலையில் மிளகாய் அரைத்ததுமில்லாமல் பிஸ்கெட்டையும் தின்றிருக்கிறான்! சட்டையைப் பிடித்திருப்பேன். அதற்குள் அவன் முறை வந்துவிட்டது.

இரண்டு தடவை எழுந்தான். மூன்றாவதில் பாதி எழுந்து, தொப்பென்று உட்கார்ந்தான். அவன் மட்டும் சிரித்தான்.

ஏப்ரல் 17, வெள்ளி

டெய்லரைக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். ஒழிந்தான் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

படி இறங்கிப் போய்ப் பார்த்தேன். "மணியடிச்சா ரெண்டு பேர் ஓடி வர்றாங்க. ராஜா மாதிரி இருக்கேன்," என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "வர்ற வரைக்கும் அடக்கிக்கிட்டு இருக்கணும் பாரு, அதுதான்..." என்று நிறுத்திக்கொண்டான். அவன்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ.

அவனுக்கு இன்னொரு பரீட்சை வைப்பார்களா என்று பிசியோ பெண்ணிடம் கேட்டேன். இரண்டு மாதத்தில் இன்னொரு தடவை பார்க்கலாம் என்றாள்.

ஜூன் 4, வியாழன்

தினமும் காலை பத்து மணிக்கு நான் கீழே. பட்டை கட்டுவதும் நான்தான், எண்ணுவதும் நான்தான். அவனுடைய ஊசி, நூல், கத்தரிக்கோல் எல்லாம் என் பெட்டியில். பிஸ்கெட்டையும் நானே தின்கிறேன்.

இன்று பட்டையைக் கழற்றிவிட்டு, கைகளைக் கட்டச் சொல்லிப் பார்த்தேன். நாலு தடவை எழுந்துவிட்டான். ஐந்தாவதில் முழங்கால் நடுங்கியது. "கையைக் குடுய்யா," என்று நீட்டினான். என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"படுபாவி!" என்று கத்திக்கொண்டே எழுந்தான். என் பரம்பரையையே இழுத்துத் திட்டினான். திட்டி முடிக்கும்வரை உட்காரவே இல்லை.