பாவற்பந்தலின் கீழ் கேட்ட சத்தம்

என் அன்பு மச்சாளுக்கு,

நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் குளிர் இல்லை என்று நம்புகிறேன். இங்கே கனடாவில், நம் ஸ்காபரோவில், முதல் பனி கொட்டிவிட்டது. உங்கள் ஆண்டுத் திவசம் நெருங்குகிறது. நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி உங்கள் மகள் தர்சினி கேட்டாள். "அம்மாவின்ர நல்ல குணங்களைப் பற்றி எழுதுங்கோ மாமி" என்றாள். அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு உங்களிடம் கேட்கச் சில கேள்விகள் இருக்கின்றன. சொல்லவேண்டிய ஒரு செய்தியும் இருக்கிறது. எழுதியதைத் தர்சினிக்கு வாசித்துக் காட்டினேன். "ஒரு வரியும் வெட்டாதேங்கோ" என்றாள்.

மச்சாள், நீங்கள் போய் முப்பத்தோராம் நாள் உங்கள் அலுமாரியைத் திறந்தோம். நகைப் பெட்டி இருந்தது. அட்டியலும் இரண்டு சோடி காப்பும் இல்லை. ஆவணியில் ஒரு கலியாணத்துக்கென்று வங்கிப் பெட்டகத்தில் இருந்து எடுத்தவை. பிறகு உங்களுக்கு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்ததில் திருப்பிக் கொண்டுபோய் வைக்கவில்லை. அந்த மாதங்களில் உங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் கள்ளர் புகுந்ததும், நீங்கள் இரவில் கதவை மூன்று தரம் இழுத்துப் பார்த்ததும் எனக்குத் தெரியும்.

வீட்டுக் கதவைத் திறக்கும் திறப்பு மூன்று பேரிடம் இருந்தது. தர்சினி, நான், உங்கள் வீட்டின் நிலக்கீழ்ப் பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்த சுகந்தி. நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை கடைசி இரண்டு மாதமும் உங்களைக் குளிப்பாட்டியதும் கஞ்சி பருக்கியதும் அந்தப் பிள்ளைதான். பழி யார் தலையில் விழுந்திருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

"அன்ரி ஒருநாள் பின்வளவுக்குப் போயிட்டு வந்தவ. கை முழுக்க மண். நான்தான் நகத்துக்குள்ள எல்லாம் கழுவி விட்டனான்" என்று சுகந்தி அப்போதே சொன்னாள். தர்சினி நம்பவில்லை. "எழும்பி நடக்கவே ஏலாத அம்மா மண் கிண்டினவவோ? நல்ல கதை" என்றாள். வைகாசி முடியுமுன் வீட்டை விட்டுப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டாள். வீட்டையும் விற்கப் போவதாக இருந்தாள். அதற்குள் கதை கோயில் வரைக்கும் போய்விட்டது. சுகந்தி வயதானவர்களைப் பராமரிக்கப் போய்வந்த இரண்டு வீட்டார் இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்கு அந்த மண் ஒட்டிய கை மறக்கவே இல்லை. பொய் சொல்கிறவள் நகத்துக்குள் மண் இருந்தது வரைக்கும் சொல்வாளா? ஆனால் மார்கழியில் நிலம் கல்லாகிவிட்டது. மேலே முழங்கால் அளவு பனி. கேட்டால் நிலம் பதில் சொல்லும், ஆனால் சித்திரை வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும்.

அந்த இடைவெளியில்தான் மண்ணுக்குள் உலோகம் தேடும் கருவியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். சமையல் முடிந்ததும் ஐபாட்டைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு ஒவ்வொரு வீடியோவாகப் பார்த்தேன். மச்சாள், இது ஒரு தனி உலகம்! காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஏரிக்கரை மணலில் மணிக்கணக்காக நடக்கிறார்கள். எல்லாம் சத்தம்தான். இரும்புக்குப் பன்றி உறுமுவது போல ஒரு சத்தம். வெள்ளிக்கு மெல்லிய கூவல். பொன்னுக்கு நடுத்தரமான ஒரு சத்தம், சோடா ரின்னைத் திறக்க இழுக்கிற அந்தச் சின்ன வளையத்துக்கும் ஏறக்குறைய அதே சத்தம். பொன்னுக்கும் குப்பைக்கும் ஒரே குரலைக் கொடுத்தது யார் என்று யோசித்துக்கொண்டு நின்றதில் பருப்பு அடிப்பிடித்தது.

ஒசாவா நகரில் ஒருவரிடம் பாவித்த கருவி ஒன்று வாங்கினேன். என் வீட்டுக்காரரான உங்கள் தம்பி சிரித்த சிரிப்பு! "இவ்வளவு காலமும் என்ர பொக்கற்றைத் தடவினீர். இனி நிலத்தையுமோ?" என்றார். குறிப்பெழுதக் கொப்பி ஒன்றும் போட்டேன். எந்த நாள், எந்த இடம், எத்தனை விரல் ஆழம், என்ன சத்தம், என்ன பொருள் என்று ஐந்து கோடு கீறிவைத்தேன். என் பழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே.

இனி நான் செய்த ஒரு பிழையையும் எழுதவேண்டும்.

கருவி வந்தது பங்குனியில். நிலம் இன்னும் இளகவில்லை. ஒருநாள் ஹீற்றர் ஓடுகிறதா என்று பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, சுகந்தி வேலைக்குப் போன நேரம் கருவியையும் தூக்கிக்கொண்டு பேஸ்மென்ற்றுக்குள் இறங்கினேன். அவளை நம்புகிறேன் என்று எல்லாருக்கும் சொல்லித் திரிந்த நான்தான் அவளுடைய மெத்தைமேல் அதைப் பிடித்தேன். கருவி அலறியது. பிறகுதான் விளங்கியது, மெத்தைக்குள் இருந்த சுருள்கம்பி.

நிமிர்ந்தால் கதவடியில் சுகந்தி. கையில் மரக்கறிப் பை.

"தலகணியை விட்டிட்டியள் அன்ரி" என்றாள். "சூட்கேசும் கிடக்கு. திறந்து விடட்டோ?"

அவள் பையை வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் போட்டாள். ஒரு கோப்பைதான் போட்டாள், எனக்கு மட்டும். நான் குடித்து முடிக்கும் வரைக்கும் நின்றுகொண்டே இருந்தாள்.

அதன்பிறகு எனக்கு நகையைவிட அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியம் உண்மை என்று காட்டவேண்டும் என்பதே பெரிதாகிவிட்டது.

சித்திரையில் நிலம் இளகியதும் ஒரு வெள்ளிக்கிழமை விரதம் இருந்து, பிள்ளையாருக்கு விளக்கேற்றி, பூமித்தாயிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு உங்கள் பின்வளவில் தொடங்கினேன். நீளக்கயிறு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்துத் தேடினேன். பழைய கொட்டில் இருந்த இடமெல்லாம் ஆணி. இரும்புக்குச் சத்தம் போடாதபடி கருவியைப் பூட்டிவிடலாம் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள், பூட்டிவிட்டேன். எனக்கு வேண்டியது பொன்தானே?

உங்கள் வளவுக்குள் என்னென்ன கிடந்தது என்று அறிந்தால் நீங்கள் மலைத்துப் போவீர்கள். இப்போது ஒருவரும் வாங்காத ஒரு சதக் காசு ஒரு பிடி. பிள்ளைகள் விளையாடும் கார் ஒன்று, சில்லு இல்லாமல். உள்ளங்கையை நிரப்பும் பழைய செப்புக் காசு ஒன்று, தாடி வைத்த அரசரின் தலையோடு. எட்டு விரல் ஆழத்தில் ஒரு பித்தளை மணி, எலுமிச்சம்பழம் அளவு, உள்ளே குண்டு கிலுங்கியது. பனியில் வண்டி இழுக்கிற குதிரைக்குக் கட்டுவார்களாம். உங்கள் கத்தரிப் பாத்தி ஒரு காலத்தில் குதிரை போன பாதை! அதை ஓட்டியது யார்? மணி அறுந்து விழுந்தது அவருக்குத் தெரிந்திருக்குமா, திரும்பி வந்து தேடினாரா?

அந்த மணியைச் சுவாமி அறையில் வைக்கலாமா என்று கோயில் ஐயரைக் கேட்டேன். "நல்லாக் கழுவிப்போட்டு அடியுங்கோ அம்மா. குதிரை ஒண்டும் கோவிக்காது" என்றார்.

ஆனால் நகை இல்லை. மூன்று கிழமை தேடினேன். ஒரு தடயமும் கிடைக்கவில்லை. தர்சினி தான் இருக்கும் மார்க்கம் நகரில் இருந்து போன் எடுத்து, "மாமி, விடுங்கோ. அவளுக்காக ஏன் முதுகை முறிக்கிறியள்?" என்றாள். சுகந்தி வேறு அறை பார்த்து முற்பணமும் கொடுத்துவிட்டாள்.

வைகாசியில் ஒரு மத்தியானம், எடுத்த பொருள்களைக் கழுவி, அடுப்படியில் வெறுமையாகக் கிடந்த பால்மாத் தகர ரின் ஒன்றுக்குள் போட்டு மூடி நிலத்தில் வைத்தேன். கருவியைத் துடைக்கும்போது அது அந்த ரின்னுக்கு மேலால் போனது. சத்தம் இல்லை. மறுபடி பிடித்தேன். இல்லை. உள்ளே ஒரு பிடி காசும் பித்தளை மணியும் இருக்கின்றன, கருவி வாய் திறக்கவில்லை! வெளியே இருப்பது இரும்புத் தகரம். நான் பூட்டிவைத்தது இரும்பின் வாயை.

அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன் மச்சாள். நம் ஆட்கள் எதை எதற்குள் வைப்பார்கள்? மிளகாய்த் தூளும் பால்மா ரின்னில், பொத்தான்களும் பால்மா ரின்னில், பாஸ்போட்டும் பால்மா ரின்னில். நான் பொன்னைத் தேடினேன். உங்களைத் தேடவில்லை.

பூட்டைத் திறந்துவிட்டு மறுநாள் எல்லாவற்றையும் முதலில் இருந்து கேட்டேன். உறுமல், உறுமல், ஆணி, ஆணி. உங்கள் பாவற்பந்தலடியில் மட்டும் தாங்கமுடியாத இரைச்சல். பந்தலின் கால்கள் இரும்புக் குழாய், பக்கத்தில் இருப்பது கருவிக்குக் கேட்காது என்று நினைத்து இத்தனை நாளும் அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. உங்கள் தம்பியைக் கூப்பிட்டுக் குழாய்களைப் பிடுங்கச் சொன்னேன். "பாவற்காயையும் விட்டபாடில்லை" என்று முணுமுணுத்துக்கொண்டே நாலையும் பிடுங்கித் தூர வைத்தார். குழாய் போய்விட்டது. சத்தம் போகவில்லை.

ஒரு சாண் ஆழத்தில் மூடி தெரிந்தது. பிளாஸ்ரிக் பையால் சுற்றிக் கட்டியிருந்தீர்கள்.

"திறவுமன்!" என்றார் உங்கள் தம்பி.

"மாட்டன்."

"மூண்டு கிழமையா வளவைக் கோழி மாதிரிக் கிளறிப்போட்டு, இப்ப மாட்டனாம்!"

நான் தனியே திறந்தால் அதற்கும் ஒரு கதை வரும். ரின்னைக் குழிக்குள் இருந்தபடியே ஒரு பேசினைக் கவிழ்த்து மூடி, பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். தர்சினி வர ஒரு மணித்தியாலம். சுகந்தி வேலையால் வர இன்னும் அரை மணித்தியாலம். நான் அசையவில்லை.

சுகந்தியைத்தான் திறக்கச் சொன்னேன். மண் இறுகிப்போன முடிச்சு அவிழவில்லை. தர்சினி குனிந்து உதவி செய்தாள். உள்ளே உங்கள் நீலச் சேலைத் துண்டு. அதற்குள் அட்டியல், இரண்டு சோடி காப்பு, ஒரு பொட்டலம் திருநீறு. அடியில் மடித்த கடுதாசி ஒன்று. அதன்மேல் உங்கள் கையெழுத்தில் 'சுகந்தியின்ர' என்று இருந்தது. விரித்தால் ஒரு சோடி தோடு.

தர்சினி தோட்டையும் சுகந்தியையும் மாறி மாறிப் பார்த்தாள். "உம்மட தோடும் காணாமல் போனதோ? ஏன் ஒருநாளும் சொல்லேல்லை?"

"லொக்கரில வைச்சுத் தாங்கோ எண்டு அன்ரியிட்டக் குடுத்தனான். என்னட்ட இருந்தது உது ஒண்டுதான்" என்றாள் சுகந்தி. "சொல்லியிருந்தா நம்பியிருப்பியளோ அக்கா? களவெடுத்தவளே தன்ரையும் காணேல்லை எண்டு நடிக்கிறாள் எண்டெல்லோ சொல்லியிருப்பியள்."

தர்சினி அழுதுவிட்டாள். ஒரு சோடி காப்பை எடுத்துச் சுகந்தியின் கையில் வைத்தாள். சுகந்தி அதைத் திரும்ப ரின்னுக்குள் வைத்தாள்.

"காப்பு வேண்டாம் அக்கா. ஆர் ஆருக்குச் சொன்னியளோ, அவையளுக்கு எல்லாம் போன் எடுத்துச் சொல்லுங்கோ. இப்பவே. நான் இதிலதான் இருக்கிறன்."

அந்தப் பின்வளவிலேயே, கையில் மண்ணோடு, தர்சினி போன் எடுத்தாள். ஒவ்வொருவராக. சிலருக்கு இரண்டு தரம் சொல்லவேண்டி இருந்தது. சுகந்தி கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசிப் போன் முடிந்தபோது பொழுது பட்டுவிட்டது. எழுந்து சேலைத் துண்டை உதறி மடித்து வைத்துவிட்டுக் கீழே போனாள். மாத முடிவில் வேறு வீட்டுக்கும் போய்விட்டாள். இருக்கச் சொல்லித் தர்சினி கெஞ்சினாள். அவள் இருக்கவில்லை. முன்பு அவளை நிறுத்திய இரண்டு வீட்டாரில் ஒருவர் மட்டும் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்.

இப்போது என் கேள்விகள். நடக்க முடியாத நீங்கள் அவ்வளவு தூரம் எப்படிப் போனீர்கள்? பாவற்காய் பறிக்கப் போகிறேன் என்று யாருக்காவது சொன்னீர்களா? கடைசி நாள்களில் ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் பாவற்பந்தலைப் பற்றிக் கேட்டீர்களே. உங்களுக்கு வாய்க்கு ருசி தேடுகிறது என்று நினைத்து, நான் அடுத்த நாள் பாவற்காய்க் கறி வைத்துக் கொண்டுவந்தேன். நீங்கள் கறியைப் பார்த்துச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள் மச்சாள்?

கருவியை நான் விற்கவில்லை. கோடை முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரை மணலில் நடந்தேன். கொப்பியில் பக்கம் கூடிக்கொண்டே போகிறது. மண்ணுக்குள் இவ்வளவு இருக்கிறதென்று தெரிந்தபிறகு, வெறுமனே நடந்துபோக முடியவில்லை.

பேஸ்மென்ற்றில் நான் செய்ததற்குச் சுகந்தியிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி அன்ரி" என்றாள். அது மன்னித்த 'சரி'யா என்று எனக்குத் தெரியாது. அவளுக்காகப் பேசித் திரிந்த நான், மாசியில் மனம் தளர்ந்த ஒரு நேரத்தில், கோயில் மடப்பள்ளியில் வைத்து மூன்று பேரிடம் "ஆரைத்தான் நம்புறது" என்று சொன்னேன். கதை பரவ அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது. அவர்களில் இருவரிடம் நேரே போய், நான் சொன்னது பிழை, சுகந்தி எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். மூன்றாமவர் ஊருக்குப் போயிருக்கிறார். தைப்பொங்கலுக்கு முன் வருவார். அவர் வந்திறங்கும் அன்றே அவருடைய வீட்டுக் கதவைத் தட்டுவேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் தம்பியைக் கைப்பிடித்து உங்கள் வீட்டுக்கு வந்தவள்,
என்றும் உங்கள் மச்சாள்,
பவானி