ஒரு நாற்காலி தள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும், அடுத்த தெருவில் அக்கா வீட்டாரும் சுகமாக இருக்கிறோம், நீயும் மருமகளும் குட்டியும் சுகமா என்று தினமும் போனில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனாலும் கடிதம் என்று உட்கார்ந்தால் முதலில் அதைக் கேட்காமல் கை அடுத்த வரிக்கு நகரமாட்டேன் என்கிறது. வீடியோவில் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இதென்ன புதுசாகக் கடிதம் என்று நீ சிரிப்பாய். அங்கே நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், இங்கே அப்பா படிக்கட்டில் நின்றபடி நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் ஒன்பது வார்த்தை சொல்லிவிடுகிறார். அதுவும் தவிர இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதி முடித்ததும் நானே பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவேன், நீ சொல்லிக் கொடுத்ததுதானே. அக்காவிடம் கொடுத்தால் முதலில் அவள் படித்துவிடுவாள்.

உன் வீட்டிலிருந்து ஊர் திரும்பி வந்ததிலிருந்து என்னை மாடி அறையில் தனியாகத்தான் வைத்திருக்கிறார்கள். அப்பா தட்டை வாசலில் வைத்துக் கதவைத் தட்டிவிட்டு, நான் என்னவோ பாய்ந்து வந்து கடித்துவிடுவேன் என்பதுபோல நாலு படி இறங்கி நின்று, எடுத்துக்கிட்டியா எடுத்துக்கிட்டியா என்று கத்துகிறார். சோற்றைக் குழைய விட்டுவிட்டு வயசானவங்களுக்கு இதுதான் நல்லது என்கிறார், மனுஷர் தன் வாழ்நாளில் முதல்முறையாக அடுப்படிக்குள் போயிருக்கிறார், நானும் ஆமாம் ஆமாம் என்று சாப்பிட்டுவிடுகிறேன். பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது, நாளைக்குக் கீழே இறங்கலாம். இறங்குவதற்குத்தான் பயமாக இருக்கிறது. ஏனென்றால் இங்கே எல்லோரும் என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். இந்த வயசில் இந்த நோய்க் காலத்தில் தன்னந்தனியாக விமானம் மாறி, ஒரு ராத்திரி முழுக்க ஏர்போர்ட்டில் இருந்து, பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டாள் என்று அப்பா தெருவில் போகிறவரை நிறுத்திச் சொல்லியிருக்கிறார். எதிர்வீட்டு டீச்சர் தன் பால்கனியிலிருந்து, எப்படிங்க சமாளிச்சீங்க என்று கேட்டார். மகன் ரூம் போட்டுக் கொடுத்திருந்தான், மெத்தையில் படுத்துத் தூங்கினேன், ஒரு கஷ்டமும் இல்லை என்று சொன்னேன். உன்னிடமும் அதையேதான் சொன்னேன். எல்லாம் பொய் தம்பி.

நீ பணம் கட்டிய ரூம் பூட்டிக் கிடந்தது. கண்ணாடிக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள், மறு அறிவிப்பு வரும்வரை திறக்கமாட்டார்களாம். விமானம் மாறுகிறவர்களையெல்லாம் ஒரு கூடத்துக்குள் விட்டு, அதைத் தாண்டிப் போகக்கூடாது என்று கயிறு கட்டிவிட்டார்கள். கடைகள் எல்லாம் ஷட்டர் போட்டிருந்தன, தண்ணீர்க் குழாயில்கூடப் பிளாஸ்டிக் உறையைக் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலியில் சிவப்பு டேப் ஒட்டி, உட்காராதே என்று படம் போட்டிருந்தது. நீ மாட்டிவிட்ட இரண்டு மாஸ்க், அதற்கு மேலே அந்தப் பிளாஸ்டிக் முகமூடி, மூச்சு விட்டால் எல்லாம் புகைமூட்டம், அந்தக் கோலத்தில் ரூம் கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டு நின்றேன். அப்போதுதான் அந்தப் பிள்ளை வந்தான். அம்மா, அது திறக்காது, இங்க வந்து உக்காருங்க, இங்கதான் பிளக் பாயின்ட் இருக்கு என்று தன் இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்து, டேப் ஒட்டிய நாற்காலிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தான். உன்னைவிட நாலைந்து வயசு குறைவாக இருப்பான். நம் பாஷையைக் கேட்டதும் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

லிஃப்ட் ரிப்பேர் பண்ணுகிறவனாம். லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்களை வெளிய எடுக்கிறதுதாம்மா என் வேலை, இன்னிக்கு நானே மாட்டிக்கிட்டேன் என்று சிரித்தான். அவனுக்கும் என்னுடைய விமானமேதான், காலையில் முதல் விமானம். அவன் அப்பா ஆஸ்பத்திரியில் ரொம்ப முடியாமல் இருக்கிறார், நாளைக்குப் போய்ப் பார்த்துவிடுவேன் என்றான். மருமகள் கட்டிக் கொடுத்த ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து நடு நாற்காலியில் வைத்தேன், இரண்டு பேருமாகச் சாப்பிட்டோம். நானும் சும்மா இருந்தேனா, என் பெருமையை அவிழ்த்துவிட்டேன். டாக்டர் வாசலில் டோக்கன் கொடுத்தே தலை நரைத்தவள் நான், இருமுகிற சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவேன், இது சிகரெட் இருமல், இது நெஞ்சுச்சளி, இது ஆபீசுக்கு லீவு சர்டிபிகேட் வாங்க வந்த இருமல் என்று நான் இருமிக் காட்ட, அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சுற்றி இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

என் போன் அந்த ஊர் நெட்டில் சேரவேயில்லை. அன்றைக்குச் சாயங்காலம் உனக்கு ஒரு புது நம்பரிலிருந்து கூப்பிட்டேனே, அது அவனுடைய போன். ஒரு நல்ல பிள்ளை குடுத்தாம்பா என்று நான் சொன்னதும் நீ பதறிப்போய், ஐயோ அம்மா, யார் போனையும் வாங்காத, யார் பக்கத்துலயும் உக்காராத, யாருக்காவது காய்ச்சல்னா கூட இருந்தவங்களையும் சேர்த்துப் புடிச்சு வெச்சிடுவாங்க, யார் கேட்டாலும் நான் தனியாத்தான் இருந்தேன்னு சொல்லிடு என்றாய். எனக்குக் காது மந்தம் என்று அவன் ஸ்பீக்கரில்தான் போட்டுக் கொடுத்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உங்க பையன் சொல்றது கரெக்ட்தாம்மா என்று சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான். எனக்கு மானம் போயிற்று. நீ ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை, அம்மா மேல் இருக்கிற பயத்தில் சொன்னாய். உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, அதை முதலில் மனசில் வாங்கிக்கொள்.

அதற்கப்புறம் எனக்குக் கண் அசந்துவிட்டது. முழித்தபோது அவன் ஜன்னல் பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். திரும்பி வந்து உட்கார்ந்து, அக்கா பேசினாங்கம்மா, அப்பா போயிட்டாராம் என்றான். தான் வருகிறவரை எடுக்காமல் வைத்திருப்பார்களாம், காலை விமானத்தில் போய் இறங்கினால் முகத்தைப் பார்த்துவிடலாம் என்றான். என்னால் எழுந்துபோய் அவன் தோளைத் தொடக்கூட முடியவில்லை, அந்த நாளில் யாரை யார் தொட்டோம். மாஸ்குக்குள் வாயை அமுக்கிக்கொண்டு அழுதான். அழுகையைத் தொண்டையிலேயே பிடித்து வைத்தால் ஒரு இருமல் வரும் தம்பி. டாக்டர் அறைக்குள் போய் ஒரு சேதி கேட்டுவிட்டு வெளியே வருகிறவர்கள், வாசலில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களுக்கு முன்னால் அழக்கூடாது என்று அப்படி இருமுவார்கள். எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த இருமல் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

எதிரில் ஒரு கோட்டுக்காரர் மனைவி பிள்ளைகளோடு இருந்தார். அவர் எழுந்துபோய், இவன் இருமுகிறான் என்று புகார் சொல்லிவிட்டார். வெள்ளை அங்கி போட்ட ஒரு பெண்ணும் இரண்டு ஆட்களும் வந்தார்கள். நெற்றியில் சூடு பார்த்தார்கள், இருக்கவில்லை. ஆனாலும் கண் சிவந்திருக்கிறது, மூக்கு ஒழுகுகிறது, இருமுகிறான், தனியாக வைத்துப் பரிசோதனை எடுத்து முடிவு வந்தால்தான் விடமுடியும் என்றார்கள். முடிவு மறுநாள் மத்தியானம்தானாம். அவன் அப்பா இறந்துபோன சேதியைச் சொன்னான், அவர்கள் தலையை ஆட்டினார்கள், ஆளுக்கொரு காரணம் கேட்டு அலுத்தவர்கள் ஆட்டுகிற மாதிரி. அப்போது என் பக்கம் திரும்பினான். அம்மா, நீங்களாவது சொல்லுங்கம்மா, நான் உங்ககூடத்தானே உக்காந்திருந்தேன், எனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லுங்கம்மா என்றான். அந்தப் பெண்ணுக்கு அம்மா என்ற வார்த்தை மட்டும் புரிந்துவிட்டது. உங்கள் மகனா, சேர்ந்து உட்கார்ந்திருந்தீர்களா என்று இங்கிலீஷில் என்னைக் கேட்டாள்.

நோ, நோ, யாரோ, ஐ டோன்ட் நோ என்றேன். மருமகளோடு கடைக்குப் போனால் ஒரு வார்த்தை வராத இங்கிலீஷ் அன்றைக்கு எங்கிருந்துதான் வந்ததோ. வாய் அதைச் சொல்லும்போதே என் கை நடு நாற்காலியில் இருந்த ரொட்டிப் பொட்டலத்தை மெல்ல இழுத்து மடியில் வைத்துக்கொண்டது, அதை அவன் பார்த்தான். தம்பி, அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் இன்றைக்கு இப்படி இருக்கமாட்டேன். அந்தப் பெண்ணைப் பார்த்து, ஆமாம், அவங்க தனியாத்தான் இருந்தாங்க, எனக்கும் அவங்களைத் தெரியாது, பயத்துல கூப்பிட்டுட்டேன் என்று அவனும் இங்கிலீஷிலேயே சொன்னான். என்னை விட்டுவிடச் சொல்கிறான் என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர்களோடு போய்விட்டான்.

காரணம் இல்லாமல் இல்லை. அந்த விமானத்தை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது, அப்பா இங்கே மாதக்கணக்காகத் தனியாகக் கிடக்கிறார், என்னையும் பிடித்து வைத்துவிட்டால் என்ன செய்வேன். நான் சாட்சி சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களா, அதுவும் தெரியாது, அநேகமாக விட்டிருக்கமாட்டார்கள். இதையெல்லாம் எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் உதவவில்லை. என்னைக் காப்பாற்று என்றா கேட்டான், தெரிந்ததைச் சொல் என்றுதானே கேட்டான். காலையில் விமானம் ஏறின பிறகு ஒரு பேரை மைக்கில் கூப்பிட்டார்கள், வாய்க்குள் போட்டு மென்று ஏதோ ஒரு பேர். அவனைத்தான் கூப்பிடுகிறார்களோ என்னவோ, அவன் பேரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றியிருக்கவில்லை, தம்பி தம்பி என்றே பேசிக்கொண்டிருந்தேன். அவன் எங்கே இருக்கிறான் என்று அந்த விமானத்திலேயே தெரிந்தவள் நான் ஒருத்திதான். டோக்கனை மூன்று தரம் கூப்பிடுவேன், வரவில்லையென்றால் அடுத்த ஆள் என்று எத்தனை பேரைத் தள்ளிவிட்டிருக்கிறேன். அவர்களும் மூன்று தரம் கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். நான் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

வெட்கமாக இருக்கிறது தம்பி. கண்ணாடியில் முகம் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை. அப்பா வாசலில் தட்டை வைத்துவிட்டு என் சிங்கக்குட்டி என்கிறார், நான் தட்டை எடுத்துக்கொண்டு சட்டென்று கதவைச் சாத்திக்கொள்கிறேன். அவன் போய்ச் சேர்ந்தானா, அப்பா முகத்தைப் பார்த்தானா, வைத்திருந்தார்களா, எடுத்துவிட்டார்களா, ஒன்றும் தெரியாது. நாளைக்குக் கீழே இறங்கியதும் அப்பாவிடம் சொல்லிவிடப் போகிறேன், டீச்சரிடமும் அந்த மெத்தைக் கதையை வாபஸ் வாங்கிக்கொள்ளப் போகிறேன்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. உன் போனில் அந்தச் சாயங்காலம் வந்த நம்பர் இருக்கும், நீ எதையும் சீக்கிரம் அழிக்கிறவன் இல்லை. அதைத் தேடி எனக்கு அனுப்பு. நீ அவனைக் கூப்பிட்டுப் பேசி அம்மாவுக்காக மன்னிப்புக் கேட்டுவிடாதே, உனக்கு அந்தக் குணம் உண்டு, நான் செய்ததை நான்தான் சொல்லவேண்டும். மருமகளிடம் இதை மறைக்காதே, படித்துக் காட்டு, அவள் கட்டிக் கொடுத்த ரொட்டிக்கும் இதில் பங்கு இருக்கிறது. குட்டிக்கு வெளியே போகும்போது காதை மூடித் தொப்பி போடுங்கள், ஹீட்டர் பக்கத்தில் படுக்கவைக்காதீர்கள், நீ நேரத்துக்குச் சாப்பிடு. நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், யாரிடமும் தலை குனிய வேண்டிய நாள் வராமல், நீண்டகாலம் நன்றாக இருக்கவேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு.

நம்பரை மறக்காதே. அவன் எடுக்காவிட்டாலும் இந்தத் தடவை மூன்றோடு நிறுத்தமாட்டேன், எடுக்கிறவரை கூப்பிடுவேன். எடுத்ததும் முதலில், யாருங்க என்று கேட்பான். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுதான் இந்த அறையில் உட்கார்ந்து இத்தனை நாளும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா